சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்ற வழக்குகளில் ஜூரி உட்காரும் நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சிகள் பேசி முடித்த பிறகு, பன்னிரண்டு பேரும் தீர்ப்பை முடிவுசெய்யத் தனியறைக்குப் போவதற்கு முன்னால், நீதிபதி அவர்களிடம் பேசுவார். சட்டம் என்ன சொல்கிறது, எதை நிரூபிக்க வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும், எந்த அளவுக்கு நிரூபித்தால் போதும் என்று விளக்குவார். இதை ஜூரி அறிவுறுத்தல் என்று சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். வழக்கைப் பார்ப்பதற்கு அவர்களுக்குக் கொடுக்கப்படும் கண்ணாடி அந்தப் பேச்சுதான்.

நானும் சட்டம் படித்தவள் அல்ல. தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் இந்த அறிவுறுத்தல்களைப் படிக்கத் தொடங்கியபோது அவை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நாங்கள் உரைகளோடு வளர்ந்தவர்கள். பரிமேலழகரின் கையைப் பிடித்துக்கொண்டே குறளுக்குள் போகப் பழகிய ஒரு வாசகிக்கு, மூலம் வேறு, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் குரல் வேறு என்பது தெரியும். அந்தக் குரல் எங்கே நம்மை நிறுத்துகிறது, எதை வேகமாகக் கடக்க வைக்கிறது, யாரைப் பற்றி முன்கூட்டியே முகம் சுளிக்கிறது என்பதும் தெரியும். ஜூரி அறிவுறுத்தல், வழக்கு என்ற மூலத்துக்கு எழுதப்படும் உரை. இங்கே அதை உரையாகவே வாசிக்கிறேன்.

இந்த உரைகளின் மையச் சொல் சந்தேகம். குற்றம் சாட்டப்பட்டவர் தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டும் அரசுதான், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல், அவர் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை என்பது இதுதான். சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் வரி இங்கிருந்துதான் வருகிறது. பாலியல் வன்முறை வழக்குகளின் முடிவில் அந்த வரியைப் படித்துச் சலித்துப்போன பெண்களுக்கு அதன்மீதே கசப்பு உண்டு. எனக்கும் உண்டு. அந்தக் கசப்பு சரியான இடத்தில் போய் விழுகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஹேலின் இரண்டு குரல்கள்

சர் மாத்யூ ஹேல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதிபதி. 1609இல் பிறந்து 1676இல் இறந்தவர். குற்றவியல் சட்டம் பற்றிய அவருடைய நூல், அவர் இறந்து 60 ஆண்டுகள் கழித்து 1736இல் அச்சாகியது. வல்லுறவு மிகக் கொடிய குற்றம், கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டியது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். உடனே ஓர் எச்சரிக்கையையும் வைக்கிறார். இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, நிரூபிப்பது கடினம், குற்றமற்ற ஆண் அதிலிருந்து தப்புவது அதைவிடக் கடினம் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். ஒரு நூலின் நடுவே கிடந்த இந்தக் கருத்து அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நீதிபதிகளின் வாய்ப்பாடமாகி, ஆங்கிலச் சட்டம் போன இடமெல்லாம் போனது.

‘எளிது’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சுமத்துவது எளிது என்று சொல்லும்போது சுமத்துபவள் வாக்கியத்தில் இல்லை. தொழில் மட்டும் நிற்கிறது, செய்பவள் காணாமல் போய்விட்டாள். அவளைத் திரும்ப வாக்கியத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் ‘எளிது’ என்ற சொல் அங்கே நிற்க முடியாமல் தடுமாறும். வீட்டில் சொல்ல வேண்டும், ஊரில் தலைகாட்ட வேண்டும், காவல் நிலையத்தில் ஆண்களிடம் விவரிக்க வேண்டும், உடலைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், பிறகு எல்லோர் முன்னாலும் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். இவையெல்லாம் எளிது என்று எந்தப் பெண்ணும் எழுதியிருக்க மாட்டாள். அந்த வாக்கியத்தில் செய்பவள் மறைந்திருப்பதால்தான் அது பொதுவுண்மைபோல ஒலிக்கிறது.

இதே ஹேலுக்கு இன்னொரு குரலும் உண்டு. 1662இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் அவர் ஒரு சூனிய வழக்கை விசாரித்தார். ஏமி டூனி, ரோஸ் கல்லெண்டர் என்ற இரண்டு வயதான கைம்பெண்கள் குழந்தைகளுக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவள் தொட்டால் குழந்தைக்கு வலிப்பு வரும் என்று சொல்லப்பட்டதால் நீதிமன்றத்திலேயே சோதனை நடந்தது. குழந்தையின் கண்ணை மூடிவிட்டு வேறொரு பெண்ணைத் தொடச் செய்தார்கள். அப்போதும் குழந்தை அதேபோல் துடித்தது. பார்த்துக்கொண்டிருந்த கனவான்களே இது ஏமாற்று என்றார்கள். நியாயமான சந்தேகம் என்ற சொற்றொடருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஹேல் ஜூரியிடம் என்ன சொன்னார்? சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்லாமலே விட்டார். சூனியக்காரிகள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். வேதமும் சட்டங்களும் அதை உறுதிசெய்வதாகச் சொன்னார். குழந்தைகளுக்குச் சூனியம் வைக்கப்பட்டதா, வைத்தது இவர்கள்தானா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் முடிவுசெய்யும்படி அனுப்பினார். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. சில நாட்களில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த விசாரணையின் அறிக்கை 1682இல் சிறுநூலாக வெளியாகி, பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சேலம் சூனிய வழக்குகளுக்கு முன்மாதிரியானது.

இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். புகார் சொல்பவள் பெண்ணாக இருக்கும்போது ஜூரியைச் சந்தேகப்படச் சொல்கிற அதே மனிதர், குற்றக்கூண்டில் நிற்பவள் பெண்ணாக இருக்கும்போது சந்தேகமே வேண்டாம் என்கிறார். ஹேலிடம் சந்தேகம் குறைவாக இருந்ததோ மிகுதியாக இருந்ததோ சிக்கல் இல்லை. அவருடைய சந்தேகம் எங்கே நின்றாலும் பெண்ணுக்கு எதிராகவே நின்றது. சாட்சியாக அவளை நம்ப முடியாது. குற்றவாளியாக மட்டும் உடனே நம்பிவிடலாம்.

இரண்டாவது சந்தேகம்

கலிபோர்னியாவில் ஹேலின் எச்சரிக்கை அண்மைக்காலம்வரை கட்டாய ஜூரி அறிவுறுத்தலாக இருந்தது. இப்படிப்பட்ட குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, ஆகவே இந்தப் பெண்ணின் சாட்சியத்தை எச்சரிக்கையோடு ஆராயுங்கள் என்று நீதிபதி சொல்லியே ஆக வேண்டும். 1970களில் ஒரு நீதிபதி அதைச் சொல்ல மறுத்தார். தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தார். ரின்கான்-பினேடா என்று அறியப்படும் அந்த வழக்கில் 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், இனி இந்த அறிவுறுத்தல் வேண்டாம் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் முக்கியமானது. ஹேல் வாழ்ந்த காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. தனக்கான சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் கிடையாது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் உறுதிப்படவில்லை. அப்படிப்பட்ட நீதிமன்றத்தில் ஓர் எச்சரிக்கைக்குக் காரணம் இருந்திருக்கலாம். இன்று அந்தப் பாதுகாப்புகள் எல்லாம் எல்லாக் குற்றங்களுக்கும் உண்டு. கொலை வழக்குக்கும் திருட்டு வழக்குக்கும் போதுமான மெய்ப்பிக்கும் சுமை, வல்லுறவு வழக்குக்கு மட்டும் ஏன் போதவில்லை?

இங்கேதான் இரண்டு சந்தேகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் அரசை நோக்கியது: ‘நீ அதிகாரம் உள்ளவள், ஆகவே நிரூபி’ என்று அரசிடம் சொல்வது. இரண்டாவது சந்தேகம் ஒரு மனுஷியை நோக்கியது: ‘நீ பெண், ஆகவே பொய் சொல்லக்கூடியவள்’ என்று சொல்வது. முதலாவது எல்லோருக்கும் பொதுவான உரிமை. இரண்டாவது அந்த உரிமையின் உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்த பழைய வெறுப்பு. இரண்டும் ஒரே பெயரில் புழங்கியதால், ஒன்றைக் கேள்விகேட்டால் இன்னொன்றையும் மறுப்பதாகத் தோன்றியது. இங்கிலாந்தில், புகார் சொன்ன பெண்ணின் வார்த்தையை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து என்று ஜூரியை எச்சரிக்கும் கட்டாயம் 1994 சட்டத்தில்தான் நீங்கியது. அதுவரை நீதிபதிகள், பெண்கள் பல காரணங்களுக்காகவும் சில சமயம் காரணமே இல்லாமலும் இட்டுக்கட்டுவார்கள் என்று, மனித அனுபவத்தின் பெயரால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த மனிதர்களின் அனுபவம் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் ஜூரி இன்று இல்லை. 1959இன் நானாவதி வழக்குக்குப் பிறகு அது மெல்ல மறைந்து, 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. ஆனால் ஜூரி போன பிறகும் ஜூரிக்குச் சொன்ன அறிவுரை போகவில்லை. எட்டு வயதுச் சிறுமி பாதிக்கப்பட்ட ராமேஷ்வர் வழக்கில் 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், துணைச் சான்று கட்டாயமில்லை என்று சொல்லி ஒரு கதவைத் திறந்தது. அதே மூச்சில், அந்த எச்சரிக்கை நீதிபதியின் மனத்தில் இருக்க வேண்டும், இருந்தது என்பது தீர்ப்பிலும் தெரிய வேண்டும் என்றது. ஜூரி இல்லாத நீதிபதி தனக்குத் தானே அறிவுறுத்தல் சொல்லிக்கொள்ள வேண்டியவரானார்.

அது என்ன செய்தது என்பதை மதுரா வழக்கில் பார்த்தோம். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி சிதைக்கப்பட்ட வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்பது காரணம். அரசின்மீது இருக்க வேண்டிய சுமை அவளுடைய தோலின்மீது போய் இறங்கியது. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் உச்ச நீதிமன்றத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் நடந்த வல்லுறவில், உறவு நடந்தது என்று நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இதைச் சிலர் மெய்ப்பிக்கும் சுமையைத் தலைகீழாக்கியதாகச் சொல்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. உறவு நடந்ததை அரசு இன்னும் நிரூபித்தாக வேண்டும். பூட்டிய அறையில் சீருடைக்கு முன்னால் ஒரு பெண் விரும்பிச் சம்மதித்திருப்பாள் என்ற அனுமானம் மட்டுமே நீக்கப்பட்டது. அனுமானம் முன்பும் இருந்தது. அதற்குச் சட்டத்தில் பிரிவு எண் இல்லை, அவ்வளவுதான்.

தங்க நூல்

முதல் சந்தேகத்தை, அதாவது அரசை நோக்கிய சந்தேகத்தைப் போற்றுவது பெண்ணியவாதிக்கு எளிதான வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கொள்கையின் மிகப் புகழ்பெற்ற வழக்கிலேயே ஒரு மனைவி செத்துக் கிடக்கிறாள்.

1934 டிசம்பரில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் வுல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, தன்னைப் பிரிந்து தாய்வீடு போய்விட்ட 17 வயது மனைவியைத் துப்பாக்கியோடு பார்க்கப் போனான். அவள் சுடப்பட்டு இறந்தாள். நீ வராவிட்டால் செத்துவிடுவேன் என்று காட்டத்தான் துப்பாக்கியை எடுத்துப் போனேன், தவறுதலாக வெடித்துவிட்டது என்றான். முதல் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. இரண்டாவது விசாரணையில் நீதிபதி ஜூரிக்குச் சொன்ன அறிவுறுத்தல் இது: கொன்றது இவன் என்று நிரூபணமாகிவிட்டால், அது விபத்து என்று காட்ட வேண்டியது இவன் பொறுப்பு. ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1935இல் பிரபுக்கள் சபை அந்த அறிவுறுத்தல் தவறு என்று சொல்லி அவனை விடுவித்தது. குற்றத்தை நிரூபிப்பது அரசின் கடமை என்ற கொள்கையை, சட்டம் என்னும் நெசவு முழுக்க ஓடும் ஒரு தங்க நூலாக சாங்கி பிரபு உருவகித்தார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் மனப்பாடமாகச் சொல்லப்படும் உருவகம் அது.

கவிதை எழுதுகிறவள் என்பதால் உருவகம் எதை மூடுகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. தங்கம் மின்னுகிறது. அந்தப் பக்கங்களில் வயலட் என்ற 17 வயதுப் பெண் ஏன் தாய்வீடு போனாள் என்பது மின்னவில்லை. தன் கதையைச் சொல்ல உயிரோடு இருந்தவன் ஒருவன், சொல்ல முடியாமல் போனவள் ஒருத்தி. இந்த ஏற்றத்தாழ்வை மெய்ப்பிக்கும் சுமை சரிசெய்யாது. அப்படியானால் அந்தக் கொள்கையை விட்டுவிடலாமா? கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம், குற்றக்கூண்டில் எப்போதும் ஆண்கள் மட்டும் நிற்பதில்லை என்பதுதான். அதைச் சொல்ல ஒரு நாடகம் இருக்கிறது.

ஒட்டுத்தையலில் ஒரு தீர்ப்பு

1900 டிசம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி படுக்கையில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தனக்கு எதுவும் தெரியாது, ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன் என்றாள் அவருடைய மனைவி மார்கரெட். டெ மாய்ன் நகரப் பத்திரிகை ஒன்றுக்காக அந்த வழக்கின் செய்திகளை எழுதியவர் இளம் நிருபர் சூசன் கிளாஸ்பெல். ஜூரியில் பன்னிரண்டு பேரும் ஆண்கள். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. கணவன் தன்னை வதைப்பதாக மார்கரெட் முன்பு அண்டை வீட்டாரிடம் சொல்லி அழுதிருந்தாள். அரசுத் தரப்பு அதையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்தது. அடிபட்டாள், ஆகவே கொல்வதற்குக் காரணம் இருந்தது என்பது வாதம். 1901இல் ஆயுள் தண்டனை. 1902இல் மாநில உச்ச நீதிமன்றம் சாட்சியங்கள் கையாளப்பட்டதில் இருந்த தவறுகளைச் சுட்டித் தண்டனையை நீக்கியது. 1903இல் மறுவிசாரணையில் ஒன்பது பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம் நின்றதால் முடிவே இல்லை. மார்கரெட் வீடு திரும்பினாள்.

கிளாஸ்பெல் இதை 1916இல் நாடகமாக்கினார். ‘அற்பங்கள்’ என்று பொருள்படும் தலைப்பு. அடுத்த ஆண்டு அதையே சிறுகதையாக எழுதியபோது, அவளுக்கு நிகரானவர்களின் ஜூரி என்று பொருள் வரும் தலைப்பை வைத்தார். கணவன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக் கிடந்த வீட்டில் ஆண் அதிகாரிகள் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். அவர்களோடு வந்த இரண்டு பெண்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். ஒருத்தி ஷெரிப்பின் மனைவி, இன்னொருத்தி பக்கத்துப் பண்ணைக்காரி. சீராக ஓடிவந்து ஓரிடத்தில் திடீரெனக் கோணலாகிப்போன ஒட்டுத்தையல், கதவு பிய்ந்த கூண்டு, தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிவைத்த, கழுத்து திருகப்பட்ட குருவி. ஆண்கள் அற்பம் என்று சிரித்துவிட்டுப் போன சமையலறையிலேயே வழக்கின் முழு மூலமும் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த இருவர் மட்டுமே. பக்கத்துப் பண்ணைக்காரியின் பெயர் திருமதி ஹேல். அந்தப் பாத்திரத்தில் முதலில் நடித்தவர் கிளாஸ்பெல்லே. நீதிபதி ஹேலோடு சேர்ந்த பெயரொற்றுமை தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஹேல் என்ற பெயரில் ஒரு பெண்ணை நம்பத் தெரிந்த ஒருத்தியும் இருந்தாள் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஒப்பிலக்கிய வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அந்தக் குருவியைக் கோர்ட்ல காட்டியிருந்தா அவளுக்குத்தானே நல்லது? அவ எவ்ளோ பட்டிருக்கான்னு தெரிஞ்சிருக்குமே?” நல்ல கேள்வி. ஹோசாக் வழக்குதான் அதற்குப் பதில். பன்னிரண்டு ஆண்களின் கைக்குப் போனால் குருவி அவள் பட்ட துயரத்தின் சான்றாக இருக்காது, கொலைக்கான நோக்கத்தின் சான்றாகிவிடும். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: “அப்ப சாட்சியத்தை மறைச்சது தப்பில்லையா மேம்?” தப்புதான். அந்தப் பெண்கள் கோணல் தையலைப் பிரித்துச் சீராகத் தைக்கிறார்கள், குருவியை ஒளிக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம், கிளாஸ்பெல் அதை மறைக்கவும் இல்லை. இருவரையும் ஜூரி ஆசனத்தில் உட்கார விட்டிருந்தால் தையல் பெட்டியைத் திருட வேண்டியிருந்திருக்காது.

இந்த நாடகத்தைப் பெண் ஒற்றுமையின் வெற்றியாகப் பலரும் கொண்டாடுகிறார்கள். என்னால் முழு மனத்தோடு கொண்டாட முடியவில்லை. அந்தத் தீர்ப்பு காப்பாற்றுகிறது, ஆனால் பதிவாகவில்லை. அடுத்த பண்ணைவீட்டில் அடிபடும் பெண்ணுக்கு அது முன்தீர்ப்பாகப் பயன்படாது. அவளுடைய அண்டைவீட்டுக்காரியும் சரியான நேரத்தில் அடுப்படிக்கு வந்தால்தான் உண்டு. கருணை நீதியின் வேலையைச் செய்ய வேண்டி வந்தது வெற்றி அல்ல. 1961இல்கூட, ஃபுளோரிடாவில் கணவனைக் கொன்றதற்காக ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரியால் தண்டிக்கப்பட்ட ஹோய்ட் என்ற பெண்ணின் முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. பெண் குடும்பத்தின் மையம், அவளாக முன்வந்து பெயர் கொடுத்தால் ஒழிய ஜூரிக்கு அழைக்காமல் விடலாம் என்பது வாதம். அந்த நிலை மாற 1975 ஆக வேண்டியிருந்தது.

ஓர் அடைச்சொல்

கொன்றதை மறுக்காத பெண்ணுக்கு அறிவுறுத்தல் எப்படிப் பேசியது? 1949இல் இங்கிலாந்தில் டஃபி என்ற பெண், தன்னை வதைத்துவந்த கணவனைப் படுக்கையில் தாக்கிக் கொன்றாள். ஆத்திரமூட்டப்பட்டுச் செய்த கொலை என்று ஏற்றால் குற்றத்தின் தரம் குறையும். நீதிபதி டெவ்லின் ஜூரிக்கு விளக்கினார்: அதற்குத் ‘திடீரென்ற, தற்காலிகமான’ தன்னிலையிழப்பு இருக்க வேண்டும். அவள் கொலைக் குற்றவாளியானாள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விளக்கத்தைப் பாராட்ட, அதுவே நாற்பதாண்டுக் காலம் சட்டமாக நின்றது.

‘திடீர்’ என்ற அடைச்சொல்லில் ஓர் உடல் இருக்கிறது. வம்பிழுத்தவனை அந்த இடத்திலேயே திருப்பி அடிக்க முடிகிற உடல். பத்து ஆண்டுகள் அடிவாங்கி, எதிரே நிற்பவன் விழித்திருக்கும்போது கையை ஓங்க முடியாத உடல் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. அவளுடைய காத்திருப்பைச் சட்டம் திட்டமிடல் என்று படித்தது. 1989இல் பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்ட கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டுச் சித்திரவதைக்குப் பிறகு தூங்கும் கணவன்மீது பெட்ரோல் ஊற்றித் தீவைத்தபோது, அவருடைய ஜூரிக்கும் இதே டஃபி வாசகம்தான் சொல்லப்பட்டது. ஆயுள் தண்டனை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் போராட்டத்துக்குப் பிறகு 1992இல் தண்டனை நீக்கப்பட்டது. காலதாமதம் இருந்தாலே வாதம் தோற்றுவிடாது என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவரை விடுவித்தது அந்த ஒப்புதல் அல்ல. அவருடைய மனநிலை பற்றிய புதிய மருத்துவச் சான்றே காரணம். ஆணின் கோபத்தைப் புரிந்துகொள்ள ஓர் அடைச்சொல் போதுமாக இருந்தது, பெண்ணுடையதைப் புரிந்துகொள்ள மருத்துவர் வர வேண்டியிருந்தது. தன்னிலையிழப்பு திடீரென்று நிகழ வேண்டியதில்லை என்று சட்டமே எழுதியது 2009இல்.

சந்தேகத்தை எங்கே வைப்பது

2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் வல்லுறவு செய்யப்பட்டு எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், கைதான நான்கு பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. காவலர்கள்மீது பூத்தூவினார்கள். எங்கள் கல்லூரி வராந்தாவிலும் அன்று மகிழ்ச்சி இருந்தது. நான் நேசிக்கும் பெண்கள் அவர்கள். நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் போகும் திசையைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள். அந்த வெறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022இல், காவல்துறை சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்று அறிக்கை தந்தது. குற்றவாளிகள் அவர்கள்தானா என்ற கேள்விக்கு இனி எந்த நீதிமன்றமும் பதில் சொல்லாது. அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பதில் கிடைக்காது. மதுரா வழக்கில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றதும் இதே சீருடைதான்.

தமிழில் நீதியைப் பற்றி எழுதினால் கண்ணகியைக் கடக்காமல் போக முடியாது. நாம் அவளுடைய சினத்தையே பேசுகிறோம். நான் மாணவிகளை அதற்கு முந்தைய காட்சியில் நிறுத்துவேன். பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான் பாண்டியன். கையில் இருந்தாலே குற்றம். அதுவும் ஓர் அறிவுறுத்தல். கொலைக்குப் பிறகுதான் நிரூபணம் தொடங்குகிறது, அந்தச் சுமையைச் சுமந்து தனியாக அரண்மனைக்கு நடந்தவள் ஒரு பெண். மெய்ப்பிக்கும் சுமையை அரசு இறக்கிவைத்தால் அது கடைசியில் யார் தலையில் ஏறும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கை சந்தேகத்தை ஒழிப்பதாக இருக்க முடியாது. அரசை நோக்கிய சந்தேகம் மார்கரெட் ஹோசாக்குக்கும் ஏமி டூனிக்கும் தேவைப்பட்டது, நாளை நம்மில் ஒருத்திக்கும் தேவைப்படும். பெண்ணை நோக்கிய சந்தேகத்தைத்தான் ஒவ்வொரு தீர்ப்பிலிருந்தும் பிரித்தெடுக்க வேண்டும். அது தீர்ப்பை வாசிக்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அடுத்த முறை ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று படிக்கும்போது அங்கேயே நிறுத்தாதீர்கள். தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். அந்தச் சந்தேகம் எதிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். சேகரிக்காமல் விட்ட தடயத்திலிருந்தா, தாமதமாக அனுப்பிய மருத்துவ மாதிரியிலிருந்தா, விசாரிக்காமல் விட்ட சாட்சியிலிருந்தா? அப்படியானால் கேள்வி கேட்கப்பட வேண்டியது காவல்துறை. அவள் ஏன் உடனே சொல்லவில்லை, ஏன் கத்தவில்லை, ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள் என்பதிலிருந்தா? அப்படியானால் 1676இல் செத்துப்போன ஒரு நீதிபதி அந்தப் பக்கத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.